இலை சொன்ன பாடம்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்கள் அனுமந்தையை அறிவார்கள். மரக்காணத்து உப்பளங்களின் வெண்மை கண்ணைவிட்டு அகலுமுன் அவ்வூர் வந்துவிடும். விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் புறப்படுகிறவர்களும், கடலுக்குச் சென்று திரும்புகிறவர்களும் ஒருங்கே கூடும் தேநீர்க்கடைகள் அங்கு உண்டு. அத்தகைய கடையொன்றில் அண்மையில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். நாற்பது ஆண்டுகளாக உப்பு வாரிய கைகள் அவருடையவை. அந்தக் கையில் பீடி புகைந்துகொண்டிருந்தது. முருங்கையிலைப் பொடியையும் மஞ்சளையும் நாள்தோறும் உண்டுவந்தால் நுரையீரலில் புற்று அண்டாது என்று கைப்பேசியில் வந்த செய்தியொன்றைக் காட்டி, அது மெய்தானா என்று விசாரித்தார். மெய்யென்றால் பீடியை விடவேண்டிய தேவை இருக்காது என்பதே அவர் கேள்வியின் உட்பொருள்.

அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புகையில் உள்ள நச்சு வேதிப்பொருள்களால் நுரையீரலில் உண்டாகும் புற்றைத் தாவரங்களில் உள்ள சேர்மங்களால் தடுக்க இயலுமா என்று உலகெங்கும் அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலும் அவ்வாய்வு நடந்திருக்கிறது. ஆயினும் அம்முதியவருக்கு விடை சொல்ல முற்பட்டபோது என் நினைவில் எழுந்தவர் 1948-லேயே மறைந்துவிட்ட ஒரு மனிதர். ஓர் இலைச்சத்து நோயாளிக்கு எப்போது உணவாகும், எப்போது நோய்க்கே உணவாகும் என்பதை உலகம் அறியக் காரணமாக இருந்தவர். அவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று அவர் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. சிறுவனாக இருந்தபோதே வீட்டைவிட்டு ஓடி, காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டப் புறப்பட்டதாகவும், தாயார் அவரைத் திருப்பி அழைத்துவந்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார். துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பியவரை, மருத்துவம் பயின்று தொண்டாற்றும் எண்ணம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்தது.

காந்தியடிகளின் அழைப்பு நாட்டை உலுக்கிய காலம் அது. சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலேயரான அறுவைத்துறைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகத் தேறியும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியின் கதவும் திறக்கவில்லை.

இதற்கிடையே அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் கழிச்சல் நோயை ஒத்தது, மேலை மருத்துவம் ஸ்ப்ரூ என்று அழைக்கும் நோய். குடல் உணவின் சத்தை ஏற்க மறுக்கும், உடல் வெளுத்து மெலியும், இரத்தம் குன்றும். அந்நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் பலியானார்கள். மருத்துவம் படித்த சகோதரனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்நோய்க்கு மருந்தே அன்று உலகில் இருக்கவில்லை.

அரசுப் பணி கிட்டாத அவருக்குச் சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரி இடம் கொடுத்தது. அங்கு உடற்கூறியல் கற்பித்தார். மூலிகைகளின் குணமாக்கும் ஆற்றல் அவரை ஈர்த்தது. மேலை மருத்துவம் கற்ற ஒருவர் அன்று நாட்டு மருந்தை ஏளனம் செய்வதே வழக்கம். அதன் எதிர்ப்புறத்தில் நின்றவர்களோ அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கருதினார்கள். சுப்பாராவ் இரண்டு பக்கமும் சாயவில்லை. மூலிகையில் ஆற்றல் இருக்குமானால் அது எந்தப் பொருளில், எவ்வளவு, எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டறியவேண்டும் என்பதே அவருடைய வேட்கை. அதற்கான கருவியும் பயிற்சியும் இங்கில்லை.

1920-களின் தொடக்கத்தில் மாமனார் திரட்டிய பணத்தோடும், காக்கிநாடாவில் உள்ள அறக்கட்டளையொன்றின் உதவி வாக்குறுதியோடும் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக நோயாளிகளின் மலசலக் கலங்களைச் சுத்தம் செய்தார். ஊரில் பிறந்த மகன் ஓராண்டு நிறைவதற்குள் தொற்று நோயால் இறந்த செய்தி அங்கு அவரை எட்டியது. மனைவி சேஷகிரியை அவர் மீண்டும் காணவே இல்லை. போன கடலைத் தாண்டி அவர் திரும்பவில்லை.

ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, உடல்திரவங்களில் உள்ள பாஸ்பரஸின் அளவை நிறமாற்றத்தால் கணக்கிடும் முறையை 1925-இல் வெளியிட்டார். உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் கற்கும் முறை அது. சுப்பாராவின் பெயர் அதன் பெயரிலேயே தங்கியிருக்கிறது. 1927-இல் தசையில் உள்ள பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் இருவரும் அறிவித்தார்கள். ஏ.டி.பி.யை அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனித்துக் கண்டறிந்தார். 1930-இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

அங்குதான் சகோதரர்களைப் பலிகொண்ட நோய்க்கான தேடல் மீண்டும் தொடங்கியது. அத்தேடலின் முதல் தடயம் இந்திய மண்ணில் கிடைத்திருந்தது. பம்பாயில் நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்குவதை 1931-இல் வெளியிட்டார். குணமாக்கியது எது என்பது தெரியவில்லை. 1941-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் டன் கணக்கில் பசலையினக் கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். டன் கணக்கில் கீரையிலிருந்து கிடைக்கும் துளிச் சத்தைக் கொண்டு உலகின் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க முடியாது. சுப்பாராவின் குழு 1945-இல் அச்சத்தின் அமைப்பை அறிந்து, அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கியது. விரைவிலேயே ஸ்ப்ரூ நோயாளிகள் அதை உட்கொண்டு தேறினார்கள். சகோதரர்களின் மறைவுக்கு ஏறத்தாழக் கால்நூற்றாண்டு கழித்து அவர்களுடைய நோய்க்கு மருந்து வந்தது.

கதை இங்கு முடிந்திருந்தால், கீரையே மருந்து என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியிருக்காது. ஆனால் அது முடியவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க்கின் மருத்துவமனையொன்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இச்சத்தைச் செலுத்தியபோது சுண்டெலிகளின் மார்பகக் கட்டிகள் சுருங்கின என்று அறிவித்திருந்தார்கள். நம்பிக்கை பெருகியது. பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபோலிக் அமிலத்தின் இணைவடிவங்களைப் பெற்றார். இரத்தப் புற்றால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைச் செலுத்தினார். நோய் தணியவில்லை, முன்னிலும் விரைந்தது. சத்துக் குறைந்த இரத்த அணுவை வளர்த்த அதே இலைச்சத்து, கட்டுப்பாடிழந்த புற்றணுவையும் வளர்த்தது. உயிரணு பிளவுபட்டுப் பெருகுவதற்கு மரபுப்பொருளைப் புதிதாக நெய்தாக வேண்டும். அந்நெசவுக்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பிளவுபடுவது நல்ல அணுவா, தீய அணுவா என்று அது பார்ப்பதில்லை.

தம் வாழ்நாள் வேட்கையின் பயனாகக் கிடைத்த பொருள், ஓர் இடத்தில் கேடு செய்கிறது என்னும் செய்தியை எத்தனை பேர் ஏற்பார்கள்? அளவு போதவில்லை என்றோ, நோயாளியின் உடல் ஏற்கவில்லை என்றோ சொல்லி ஆர்வலர்கள் தப்பித்துக்கொள்வது உண்டு. சுப்பாராவின் குழு அச்செய்தியை ஆதாரமாக எடுத்துக்கொண்டது. இலைச்சத்து புற்றை வளர்க்குமானால், அச்சத்தைப் போலவே தோற்றமளித்து அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் போலிப்பொருள் புற்றைப் பட்டினி போடக்கூடும். அத்தகைய பொருள்களை அவர்கள் உருவாக்கினார்கள். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை ஃபார்பர் 1947-இன் இறுதியில் குழந்தைகளுக்குச் செலுத்தினார். 1948 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரை 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததைத் தெரிவித்தது. அத்தணிவு நிலையானதாக இல்லை; நோய் திரும்பியது. ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்றுதான் முதன்முதலில் தெரிந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இரத்தப் புற்றுக்கும் முடக்குவாதத்துக்கும் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படுகிறது. அதே வழியில் பின்னர் வந்த பெமெட்ரெக்சட் என்னும் மருந்து நுரையீரல் புற்றுக்கே கொடுக்கப்படுகிறது.

அக்கட்டுரை வெளிவந்த இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், 53 வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. அதற்குள் யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான் மருந்தும், ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவருடைய வழிகாட்டலில் உருவாகியிருந்தன. நோபல் பரிசு அவரை நாடவில்லை. பிறந்த நாடு அவருடைய நூற்றாண்டான 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டுக் கடன் தீர்த்துக்கொண்டது.

ஆனால் அனுமந்தைக் கடற்கரைக்கு அவர் அந்நியரல்லர். யானைக்கால் நோயை ஒழிக்கத் தமிழகத்தின் வடகடலோர மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரை அவருடைய ஹெட்ராசானே. காரைக்காலில் 1980-களில் அதைச் சமையல் உப்பிலேயே கலந்து வழங்கிப் பார்த்தார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளிடம் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பது அவருடைய ஃபோலிக் அமிலம். கருவுறுவதற்கு முன்பிருந்தே அதை உட்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன என்பதை 1991-இல் வெளியான பன்னாட்டுச் சோதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. தேநீர்க்கடையில் என்னிடம் கேள்வி கேட்ட முதியவரின் வீட்டுக்குள்ளும், பெயர் தெரியாமல், சுப்பாராவ் வந்து சென்றிருப்பார்.

இனி அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். பீடிப்புகையிலும் விறகுப்புகையிலும் டீசல்புகையிலும் பென்சோபைரீன் போன்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. உடல் அவற்றை வெளியேற்ற முயலும்போது, இடைநிலையில் அவை மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் வீரியமுள்ள வடிவத்தை அடைகின்றன. அந்த ஒட்டலால் எழும் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து புற்றாகின்றன. அவ்வேதிமாற்றத்தைத் தடுக்கவோ, நச்சை விரைந்து வெளியேற்றவோ வல்ல சேர்மங்கள் முட்டைக்கோசிலும் கடுகிலும் எலுமிச்சை இனப் பழங்களிலும் உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும், ஆரஞ்சுத் தோலில் மிகுந்துள்ள ஹெஸ்பெரிடினும், பென்சோபைரீன் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் நுரையீரலுக்குக் காப்பளித்ததைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. இவை பொய்யல்ல, நேர்மையான ஆய்வுகள். ஆனால் அவை கதையின் முதல் அத்தியாயம் மட்டுமே. சுண்டெலியில் சுருங்கிய கட்டி, பாஸ்டன் குழந்தைகளிடம் விரைந்து வளர்ந்ததை நாம் பார்த்தோம்.

நுரையீரல் புற்றிலும் அதுவே நிகழ்ந்தது. காய்கறியும் பழமும் மிகுதியாக உண்பவர்களிடம் நுரையீரல் புற்று குறைவாக இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனே காரணமாகலாம் என்று கருதினார்கள். முருங்கைக்கீரையிலும் நிறைந்திருக்கும் பொருள் அது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக்கொண்டு சோதனை நடந்தது. 1994-இல் வெளியான முடிவு உலகைத் திகைக்கச் செய்தது. பீட்டா கரோட்டீன் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேர் பங்கேற்ற சோதனையில், பீட்டா கரோட்டீனோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்து உண்டவர்களிடம் புற்று 28 விழுக்காடு மிகுந்தது. 1996-இல் அச்சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள்.

சுப்பாராவின் ஃபோலிக் அமிலமும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. நார்வேயில் இதய நோயாளிகள் 6,837 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, அதை வைட்டமின் பி12-உடன் சேர்த்து உண்டவர்களிடம் புற்று, குறிப்பாக நுரையீரல் புற்று, சற்று மிகுந்திருந்ததாக 2009-இல் தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள் அல்லது முன்பு புகைபிடித்தவர்கள். ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2013-இல் வெளியான பகுப்பாய்வு அத்தீமையை உறுதிப்படுத்தவில்லை. புற்றைத் தடுக்கும் நன்மையையும் காணவில்லை. கர்ப்பிணிக்குக் காவலாக இருக்கும் பொருள் புகைபிடிப்பவருக்குக் கவசமாகவில்லை.

இவற்றால் கீரையை அஞ்சவேண்டியதில்லை. உணவில் கீரை வேறு, அதிலிருந்து ஒற்றைச் சத்தைப் பிரித்துப் பன்மடங்கு செறிவாக்கிக் கொடுப்பது வேறு. தட்டில் விழும் முருங்கைக்கீரை ஏழைக்குக் கிட்டும் அரிய ஊட்டம். அதை நாள்தோறும் உண்ணலாம். அஞ்சவேண்டியது, கீரை இருக்கிறது என்ற துணிவில் தொடரும் பீடியை. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும், புகைபிடிப்பவரின் நுரையீரலைப் புற்றிலிருந்து காக்கும் என்று மனிதர்களிடம் நிறுவப்பட்ட தாவரச் சேர்மம் ஒன்றுகூட இல்லை. ஆனால் புகைப்பதை நிறுத்தினால் பத்தாண்டுகளில் அந்த ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. செலவில்லாத மருந்து அதுதான்.

பொடிகளும் சூரணங்களும் புற்றைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: எத்தனை மனிதர்களிடம், எத்தனை ஆண்டுகள், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்? விடை இல்லையென்றால், அவ்விளம்பரத்தை அனுமதிக்கும் அரசும் பொறுப்பேற்க வேண்டும். ஏமாறுவது பணம் மட்டுமல்ல. ஆறாத இருமலுக்கும் சளியில் கலந்துவரும் இரத்தத்துக்கும் பொடியை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வருவதில்லை. அனுமந்தைக்கு அண்மையில் உள்ள புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இயங்குகிறது. அங்கு செல்லும் பேருந்தை முதல் மாதத்திலேயே பிடிக்கிறவருக்கும், பொடி தீர்ந்தபின் பிடிக்கிறவருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல.

ஆயுர்வேதக் கல்லூரியில் மூலிகையின் ஆற்றலைக் கண்டு வியந்த இளைஞர், அந்த வியப்பை இறுதிவரை கைவிடவில்லை. ஆனால் வியப்பைச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இலை சகோதரர்களின் நோயைக் குணமாக்கும் என்று தெரிந்தபோது அதை ஏற்றார். அதே இலைச்சத்து புற்றை வளர்க்கும் என்று தெரிந்தபோது அதையும் ஏற்றார். இரண்டையும் ஏற்றதால்தான் இரண்டு மருந்துகள் கிடைத்தன.

அன்று அம்முதியவரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. கீரையை விடவேண்டாம், பீடியை விடுங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவர், பாதி எரிந்த பீடியை மணலில் அழுத்தி அணைத்துவிட்டு உப்பளம் நோக்கி நடந்தார். மறுநாள் அவர் பீடி பற்றவைத்தாரா என்பதை நானறியேன். பற்றவைத்திருந்தால், அடுத்த முறையும் அதையே சொல்ல வேண்டும்.